அழும் குழந்தையும் உறங்காத தாயும்

எமது அலுவலகத்தில் பணியாற்றும் இளைஞர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் ஒருநாள் காலை சிவந்த கண்களோடு வந்து அமர்ந்தார். முதற் குழந்தை பிறந்து நாற்பது நாட்கள் கடந்திருந்தன. மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் அழுகை நள்ளிரவுக்குப் பின்னரும் ஓய்வதில்லை என்றும், பகலில் தோளில் கிடக்கும்வரை உறங்கும் பிள்ளை பாயில் கிடத்திய மறுகணமே கண்விழித்துவிடுகிறது என்றும் கூறினார். வயிற்றுவலி என்றார் பிள்ளையின் அப்பம்மா. நாவூறு என்றார்கள் அயல்வீட்டார். மருந்துக்கடைக்காரர் ஒரு போத்தலை எடுத்து நீட்டினார். தாய்க்குப் பால் போதவில்லை, பால்மா வாங்குங்கள் என்றார் உறவினர் ஒருவர்.

இவை யாவற்றிலும் பார்க்க அவரை வருத்தியது வேறொன்று. அதிகாலை மூன்று மணிக்குப் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த தனது கைகள் கோபத்தில் இறுகுவதை அவர் உணர்ந்திருக்கிறார். பயந்துபோய்ப் பிள்ளையைப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, முற்றத்துக்குச் சென்று கிணற்றுக்கட்டில் அமர்ந்துகொண்டார். "அழுகிற பிள்ளையை விட்டிட்டுப் போன தகப்பன் நான்" என்று சொல்லும்போது அவரது குரல் தழுதழுத்தது.

அன்றிரவு அந்த வீட்டில் செய்யப்பட்டவற்றுள் மிகச் சரியான காரியம் அதுவே என நாம் அவரிடம் கூறினோம். அவர் நம்பவில்லை. நம்பாமைக்குக் காரணம் உண்டு. பிள்ளை அழுதால் பெற்றோரிடம் ஏதோ குறை இருக்கிறது என்பதே எமது சமூகங்களில் பொதுவாக நிலவும் எண்ணமாகும். தமிழர் வீடாயினும் முஸ்லிம்கள் வீடாயினும் இதில் வேறுபாடு இல்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவரான ரி. பெரி பிரேசல்டன் 1962 இல் வெளியிட்ட ஆய்வொன்று இவ்விடயத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றது. 80 தாய்மாரிடம் நாட்குறிப்பொன்றைக் கொடுத்து, பிள்ளை எப்போது, எவ்வளவு நேரம் அழுகின்றது என்பதைப் பதியுமாறு அவர் கேட்டுக்கொண்டார். நோயற்ற, நன்கு பாலருந்தும் அக்குழந்தைகள் இரண்டாவது வாரத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணித்தியாலம் அழுதன. ஆறாவது வாரத்தில் அது இரண்டேமுக்கால் மணித்தியாலமாக உயர்ந்தது. பன்னிரண்டாவது வாரமளவில் ஒரு மணித்தியாலமாகவோ அதற்குக் குறைவாகவோ தணிந்தது. அழுகையின் பெரும்பகுதி மாலை வேளைகளிலேயே குவிந்திருந்தது. 2017 இல் பிரித்தானியாவின் வோரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும், முதல் ஆறு வாரங்களில் சராசரியாக இரண்டு மணித்தியாலம், பன்னிரண்டாவது வாரமளவில் ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் என ஏறத்தாழ அதே இறங்குமுகமே புலப்பட்டது. சராசரி என்பதை மறந்துவிடலாகாது. சில பிள்ளைகள் அரை மணித்தியாலத்துடன் ஓய்ந்துவிடும். சில பிள்ளைகள் ஐந்து மணித்தியாலம் அழும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இந்த வாரக் கணக்கைப் பிறந்த நாளிலிருந்தன்றி, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்தே பார்த்தல் வேண்டும்.

இது மேனாட்டுப் பிள்ளைகளின் கதை, கைக்குழந்தையைத் தனியே கிடத்தும் வழக்கத்தினால் வருவது என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால் ஆபிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் வேட்டையாடியும் கிழங்கு தேடியும் வாழ்ந்த குங் மக்களின் குழந்தைகள், நாள் முழுவதும் தாயின் உடலோடு தூக்கிச் செல்லப்படுபவை; மணித்தியாலத்துக்குப் பல தடவை பாலருந்துபவை. றொனால்ட் பார் என்னும் கனேடிய மருத்துவரும் அவரது சகாக்களும் 1991 இல் வெளியிட்ட ஆய்வின்படி அக்குழந்தைகளின் அழுகையும் முதல் மூன்று மாதங்களிலேயே உச்சம் காண்கின்றது. அழும் நேரம் மட்டும் கணிசமாகக் குறைவு. இதிலிருந்து இரண்டு விடயங்களை நாம் அறிகின்றோம். அழுகையின் ஏற்ற இறக்கம் குழந்தையின் வளர்ச்சியோடு பிறந்தது. எந்தத் தாயின் குறையாலும் வந்ததன்று. எனினும் தூக்கி வைத்திருப்பதும் அடிக்கடி பாலூட்டுவதும் அதன் நீளத்தைக் குறைக்கக்கூடியவை. "தூக்கித் தூக்கிப் பழக்கிவிட்டாய், அதுதான் அழுகிறது" என்ற பழிச்சொல்லுக்கு முதல் மூன்று மாதங்களைப் பொறுத்தவரை ஆதாரம் எதுவுமில்லை.

பால் போதவில்லை என்ற தீர்ப்பே இவ்விடயத்தில் அதிக சேதத்தை விளைவிப்பது. மாலை நேரத்தில் குழந்தை அரைமணிக்கொரு தடவை மார்பைத் தேடுவதும், சிறிது உறிஞ்சிவிட்டு விலகி அழுவதும் அந்த வயதுக்கு இயல்பானவை. பால் போதுமானதா என்பதை அழுகையைக் கொண்டு அளக்க முடியாது. நாளொன்றுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கின்றதா, கிளினிக்கில் தரப்பட்ட பதிவேட்டில் நிறைக் கோடு மேல்நோக்கிச் செல்கின்றதா என்பவையே அளவுகோல்கள். முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் வரை நிறை கூடுமாயின் பால் தாராளமாகப் போதும். அழுகையைக் கண்டு பால்மாவைத் தொடங்கினால் குழந்தை மார்பில் உறிஞ்சுவது குறைகின்றது; உறிஞ்சுவது குறையப் பால் சுரப்பதும் குறைகின்றது; இரண்டு வாரத்தில் அந்தத் தீர்ப்பு உண்மையாகிவிடுகின்றது. பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் கோவையை 1983 இலேயே கொண்டுவந்த நாடு இது. 2016 ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே அருந்தினர். அந்தப் பெருமைக்குரிய தாயை இரவு இரண்டு மணிக்கு உறவினர் ஒருவரின் ஒற்றை வாக்கியம் வீழ்த்திவிடுகின்றது.

இனி உறக்கம். பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணித்தியாலம் வரை உறங்கக்கூடியது என்றதும், அப்படியானால் எங்கள் பிள்ளை ஏன் உறங்குவதில்லை என்று கேட்பார்கள். உறங்குகின்றது, ஆனால் துண்டு துண்டாக. இரவையும் பகலையும் பிரித்தறியும் உடற்கடிகாரம் இரண்டு மூன்று மாதங்களின் பின்னரே ஒழுங்காக இயங்கத் தொடங்குகின்றது. அவ்வயதில் உறக்கத்தின் பாதி மேலோட்டமானது. கண்ணிமை அசையும், முகம் சுளியும், முனகல் கேட்கும். விழித்துவிட்டது என எண்ணித் தூக்கினால் உண்மையிலேயே விழித்துவிடும். இரண்டு மாதப் பிள்ளை ஒரு மணித்தியாலம் அல்லது ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் விழித்திருக்குமாயின் களைத்துப்போகின்றது. களைத்த பிள்ளை இலகுவில் உறங்கும் என்பது பெரியவர்களின் கணக்கு. பிள்ளையோ களைக்களைய விறைத்துக்கொண்டு கத்தும். கொட்டாவி விடுதல், பார்வையைத் திருப்பிக்கொள்ளுதல், கண்ணைக் கசக்குதல் ஆகியன தோன்றும்போதே விளக்கைக் குறைத்து, வந்தவர்களை விறாந்தையில் இருத்திவிடுதல் நல்லது. பிள்ளை பார்க்க வந்தவர்கள் கைக்குக் கை மாற்றி மகிழும் மாலைகளின் பின்னர்தான் அழுகை கூடுகின்றது என்பதைப் பல தாய்மார் எம்மிடம் கூறியுள்ளனர். ஆனால் அதனை வந்தவர்களிடம் சொல்ல அவர்களுக்குத் துணிவு வருவதில்லை.

பாயில் கிடத்தியதும் விழித்துவிடும் பிள்ளைக்கு ஜப்பானில் ஒரு வழி சோதிக்கப்பட்டது. றிக்கென் ஆய்வு நிறுவனத்தினர் 2022 இல் வெளியிட்ட அந்த ஆய்வில் பங்குகொண்டவை 21 குழந்தைகளே. அழும் பிள்ளையைத் தூக்கி ஐந்து நிமிடம் சீராக நடத்தல், உறங்கியதும் உடனே கிடத்தாமல் மேலும் ஐந்து முதல் எட்டு நிமிடம் வரை மடியில் வைத்து அமர்ந்திருத்தல், அதன்பின் கிடத்துதல் என்பதே அம்முறை. தாயின் உடலிலிருந்து விலகும் கணத்திலேயே பிள்ளையின் இதயத் துடிப்பு விரைவடைகின்றது என்பதையும், உறக்கம் சற்று ஆழமானபின் கிடத்தினால் அது தாங்கிக்கொள்கின்றது என்பதையும் அவர்கள் கண்டனர். எல்லாப் பிள்ளைக்கும் இது பலிக்குமென நாம் சொல்லமாட்டோம். செலவில்லாதது, தீங்கில்லாதது.

எமது ஏணையும் இதே வேலையைத்தான் செய்து வந்தது. வளையில் கட்டிய சேலையின் சீரான ஆட்டமும், ஆச்சியாயினும் உம்மும்மாவாயினும் ஒரே இழுவையில் பாடும் தாலாட்டும் பிள்ளையைத் தணிப்பவை. எனினும் ஏணையில் வளைந்து கிடக்கும் சிறு பிள்ளையின் நாடி நெஞ்சில் பதிந்து மூச்சு தடைப்படக்கூடும் என்பதால், கண்காணிப்பில்லாமல் விடலாகாது. உறங்கியதும் தட்டையான பாயில், தலையணையின்றி, மல்லாக்கக் கிடத்துவதே பாதுகாப்பானது. கொழும்பின் வெக்கையிலும் தொப்பி, கையுறை, காலுறை, அதன்மேல் துவாய் எனச் சுற்றப்பட்ட பிள்ளைகளை நாம் கண்டிருக்கின்றோம். அவற்றைக் கழற்றிவிட்டாலே சில பிள்ளைகளின் அழுகை அடங்கிவிடும்.

மருந்துப் போத்தல்களைப் பற்றியும் சொல்லவேண்டும். வயிற்றுவலிக்கென எமது வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புகட்டப்படும் கிரைப் வோட்டர் 1851 இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹம் நகரில் வில்லியம் வூட்வேர்ட் என்பவரால் தயாரிக்கப்பட்டது. பழைய தயாரிப்பில் மதுசாரமும் சீனியும் இருந்தன. அன்றைய பிள்ளைகள் அமைதியடைந்ததன் இரகசியம் அதில் ஓரளவு அடங்கியிருக்கலாம். மதுசாரம் பிரித்தானியாவில் 1990களில் நீக்கப்பட்டது. அழுகையைத் தணிக்கும் என்பதற்கு உறுதியான சான்று அதற்கு இல்லை. ஆறு மாதம்வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் தேவையுமில்லை. தேனை ஒரு வயதுக்கு முன்னர் நாவில் தடவுவதும் ஆகாது. அதிலிருக்கக்கூடிய கிருமி வித்துக்கள் பச்சிளம் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். இவற்றைவிடப் பயங்கரமானது, பிள்ளை உறங்கட்டும் என்று தடிமனுக்குரிய பாணி மருந்தைக் கொடுப்பது. அம்மருந்துகளுட் சில சிறு குழந்தையின் மூச்சையே மந்தப்படுத்தக்கூடியவை.

அழுகை எப்போது நோயின் அறிகுறியாகும் என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், பாலருந்த மறுத்தல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், வலிப்பு, மூச்சுத் திணறல், உச்சிக்குழி புடைத்திருத்தல், கவட்டில் வீக்கம், வழமைக்கு மாறான கீச்சிட்ட குரல் அல்லது பலவீனமான முனகல் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருப்பின் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். விரலில் தலைமயிர் சுற்றி இறுகியிருப்பதும் ஓயாத அழுகைக்குக் காரணமாவதுண்டு. ஆடையைக் களைந்து கால்விரல்களை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இவையெல்லாம் பார்த்தாயிற்று, பால் கொடுத்தாயிற்று, தூக்கி நடந்தாயிற்று, அப்பொழுதும் அழுகின்றது எனில் என்ன செய்வது? எமது இளைஞர் செய்ததையே செய்யவேண்டும். நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரான நோர்மன் கத்கெல்ச் 1971 இல் பிரித்தானியாவில் எழுதிய கட்டுரையொன்று, உடலில் வெளிக்காயம் எதுவுமின்றி மூளையில் இரத்தக் கசிவோடு கொண்டுவரப்பட்ட குழந்தைகள் பிடித்து உலுக்கப்பட்டவர்களாக இருக்கலாம் எனச் சுட்டிக்காட்டியது. குழந்தையின் தலை உடலுக்கு ஒப்பாத பாரமுடையது, கழுத்துத் தசை வலுவற்றது. சில விநாடிகள் உலுக்கினாலே மண்டையோட்டுக்குள் இரத்தக் குழாய்கள் அறுந்து பார்வையிழப்பு, வலிப்பு, மூளைப் பாதிப்பு, ஏன் மரணமும் நேரலாம். இவ்வாறு உலுக்கியவர்கள் யாவரும் கொடியவர்களல்லர். அழுகையை நிறுத்த முடியாமல், உறக்கமின்றி, தனியே நின்றவர்களும் அவர்களுள் இருந்தனர். மல்லாக்கக் கிடத்தப்பட்ட பிள்ளை பத்து நிமிடம் தனியே அழுவதால் அதற்கு எத்தீங்கும் நேராது. கதவைச் சாத்திவிட்டு முகம் கழுவி, ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவதற்கு எந்தப் பெற்றாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

முற்றத்துக்குச் செல்ல அந்தத் தந்தைக்கு முடிந்தது. அவரது மனைவிக்கு முடிந்ததா என்று நாம் கேட்டபோது அவர் சற்றுத் தயங்கினார். அவர் அலுவலகத்துக்கு வந்த பின்னர் பகல் முழுவதும் அப்பெண் தனியே இருந்தார். எமது தாய்மார் பலரின் நிலையும் இதுதான். கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருக்க, காத்தான்குடியில் மாமியாரோடு பிள்ளையைச் சுமப்பவர் ஒருவர். போரிலே தாயை இழந்து, பேறுகாலத்துக்கு வந்து நிற்க ஆளின்றி வன்னியில் இருப்பவர் இன்னொருவர். நாட்கூலி போய்விடும் என்ற கவலையில், பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டுக் கொழுந்து பறிக்கத் திரும்புபவர் மற்றொருவர். நாற்பது நாள் வரை பெற்றவளை அடுப்படிக்கு விடாமல் பார்த்துக்கொள்ளும் வழக்கம் எமது இரு சமூகங்களிலும் இருந்தது. அழுகை உச்சமடைவது ஏறத்தாழ அந்த நாற்பதாவது நாளில். உதவிக்கு வந்தவர்கள் ஊருக்குத் திரும்புவதும் அதே நாளில்தான்.

பிள்ளை உறங்கும்போதும் உறக்கம் வராமை, காரணமற்ற அழுகை, பிள்ளைமீது பற்றின்மை, இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் தாயிடம் நீடித்தால் அது பிரசவத்தின் பின்னான மனச்சோர்வாகும். அதனைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் எடின்பரோ வினாக்கொத்து 1987 இல் உருவானது, பத்தே கேள்விகள். களுத்துறையில் 1926 இல் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு, குடும்பநல உத்தியோகத்தரான மருத்துவமாது வீட்டு வாசலுக்கே வரும் நாடு எமது நாடு. அவர் வரும்போது பிள்ளையின் நிறையை மட்டும் சொல்லி அனுப்பிவிடாமல், தாய் உறங்குகின்றாரா என்பதையும் சொல்லவேண்டும். மாமியார் அருகில் இருக்கும்போது தாய் சொல்லமாட்டார். கணவர்தான் சொல்லவேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி இலக்கமும் தற்செயலாக 1926 தான்.

எமது இளைஞர் மறுவாரம் முதல் மாலை ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை பிள்ளையைத் தான் பொறுப்பேற்பதாகவும், அந்நேரத்தில் மனைவி வேறொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குவது என்றும், பிள்ளை பாலுக்குத் தேடும்போது மட்டும் எழுப்புவது என்றும் ஏற்பாடு செய்துகொண்டார். அப்பம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. இப்போது பிள்ளைக்கு நான்கு மாதம் ஆகின்றது. மாலையில் அரை மணித்தியாலம் அழுகின்றதாம். பகல் உறக்கம் இன்னமும் தோளில்தான்.