காவிரி வந்தது, போர் தண்ணீர் போகவில்லை

தருமபுரி மாவட்டத்தின் பல கிராமங்களில் பிள்ளைகள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் சிரிப்பார்கள். பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் காவிக் கறை. எந்தப் பற்பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது. எனாமல் உருவாகிற வயதிலேயே உள்ளே இறங்கிவிட்ட கறை அது.

காரணம், குடிதண்ணீரில் உள்ள ஃபுளோரைடு. இங்கே அடிப்பாறையிலேயே அது இருக்கிறது. திறந்த கிணறுகள் வற்ற வற்ற ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. பாறை இடுக்கில் நெடுங்காலம் ஊறிக் கிடந்த தண்ணீர் வீட்டுக் குடத்துக்கு வந்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத ஊரில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பிலும் சேரும். மூட்டு இறுகும், முதுகு வளைந்து கொடுக்காது. 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் மருத்துவர்கள் இந்த நோயைக் கண்டு எழுதிவிட்டார்கள்.

ஃபுளோரைடுக்கு நிறமில்லை, வாடையில்லை. குடிநீரில் இருக்கும் அளவில் நாக்குக்கும் தெரியாது. காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தண்ணீர் ஆவியாகப் போகும்; ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கி, மிச்சத் தண்ணீரில் அடர்த்தியாகும். தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லுமே தவிர இதை ஒன்றும் செய்யாது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பிறந்தது இதற்காகத்தான். 2008-ல் அடிக்கல், ஜப்பான் கடனுதவி, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, கர்நாடகத்தின் எதிர்ப்பு எல்லாவற்றையும் கடந்து 2013-ல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி வந்தது. பெரிய சாதனை; அதை எந்த நாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் வழியில் குழாய் உடைந்தாலும் கோடையில் வரத்து குறைந்தாலும் ஊர்த் தொட்டி காலியாகக் கிடக்க முடியாது. போர் மோட்டாரைப் போட்டு அதே தொட்டியில் ஏற்றுகிறார்கள். டேங்க் ஆபரேட்டரைக் குறை சொல்லி என்ன பயன்? தண்ணீர் வரவில்லையென்றால் ஊர் அவரைத்தான் கேட்கும். கடைசியில் இரண்டும் கலந்து ஒரே குழாயில் வருகிறது. இன்று குடத்தில் விழுவது எந்தத் தண்ணீர், அதில் எவ்வளவு ஃபுளோரைடு என்பது பிடிக்கிறவருக்குத் தெரியாது.

தெரிந்துகொள்வது கடினமும் இல்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்காவது கள ஆய்வுப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. பரவலாகப் புழங்கும் ஒருவகைப் பெட்டியில், சிறு குழாயில் தண்ணீர் எடுத்து மருந்துத் துளிகளை விட்டால் நிறம் மாறும். இளஞ்சிவப்பாக நின்றால் ஃபுளோரைடு குறைவு, மஞ்சளுக்கு நகர நகர அளவு கூடுகிறது. வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சில நிமிடம் போதும்.

அந்தச் சோதனையைத் தொட்டியடியில் செய்து நிறுத்திவிடக் கூடாது. தெருக்கடைசிக் குழாயிலும் செய்ய வேண்டும். போர் தண்ணீர் கலக்கிற நாளில் கட்டாயம் செய்ய வேண்டும். தொட்டி கழுவிய தேதியைத் தூணில் எழுதுகிறோமே, அதன் கீழேயே ஃபுளோரைடு அளவையும் எழுதிவைக்கலாம். கலந்த நாட்களில், எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கும் அங்கன்வாடிக்கும் காவிரித் தண்ணீரை மட்டும் தனியாகக் கொடுக்க ஊராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று எல்லா ஊராட்சியிலும் கிராமசபை கூடுகிறது. இந்த அளவு என்ன என்று அங்கே கேளுங்கள். பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.