மணமக்கள் மேல் எதைத் தூவுவது?



சென்ற தை மாதத்தில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். ஊர்க்குளத்தின் கரையில் அமைந்த மண்டபம் அது. மங்கல நாண் பூட்டும் வேளையில் கெட்டிமேளம் முழங்கிற்று. நாங்கள் கையில் வைத்திருந்த அட்சதையைத் தூவினோம். அதே கணத்தில் இரு பக்கத்திலும் படபடவென்று ஓசை எழுந்தது. பார்ட்டி பாப்பர் என்று கடைகளில் விற்கும் குழாய்களை இளைஞர் சிலர் திருகினர். பொன்னும் வெள்ளியுமாக ஜிகினாத் துணுக்குகள் கூரை வரை எழும்பி, மின்னியவாறு இறங்கின. அவ்விளைஞருள் என் பேரனும் ஒருவன். காட்சி கண்ணுக்கு இனிதாகவே இருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

பந்தி முடிந்து புறப்படும்போது, மண்டபத்தைத் துப்புரவு செய்யும் மூதாட்டி ஒருவர் தரையில் குந்தி, ஈரத்தில் ஒட்டிக்கொண்ட துணுக்குகளை நகத்தால் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். "என்ன அம்மா, இன்னும் முடியவில்லையா?" என்று கேட்டேன். "பூவும் அரிசியும் ஒரு பெருக்கில் வந்துவிடும் ஐயா, இது துடைப்பத்திற்கு அகப்படுவதில்லை. காற்றில் பறந்தது போக மிஞ்சியதைக் கொல்லையில் போட்டுக் கொளுத்துகிறோம்" என்றார். குளத்தின் பக்கம் பார்த்தேன். படித்துறை ஓரத்தில் நீரின்மேல் ஜிகினா மிதந்துகொண்டிருந்தது. பேரனும் அதனைக் கண்டான். "அது காகிதந்தானே தாத்தா? ஊறிக் கரைந்துவிடாதா?" என்று கேட்டான். அவ்வினாவிற்கு விடை கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

மணமக்கள் மேல் மங்கலப் பொருள்களைச் சொரிந்து வாழ்த்துவது நம்மிடையே மிகப் பழைய வழக்கம். அகநானூற்றின் 86ஆம் பாடலில் நல்லாவூர் கிழார் ஒரு திருமணத்தைக் காட்டுகின்றார். மகப்பேறு பெற்ற மங்கல மகளிர் நால்வர் மணமகளை நீராட்டுகின்றனர். அந்நீரோடு சொரிந்த மலரிதழ்களும் நெல்லும் அவள் கூந்தலில் விளங்குகின்றன. இன்று நாம் தூவும் மஞ்சள் அரிசிக்கு அட்சதை என்று பெயர். முறியாதது, குறைவுபடாதது என்பது அவ்வடசொல்லின் பொருள்.

மேல்நாட்டு வழக்கமும் தொடக்கத்தில் இதற்கு மாறுபட்டதன்று. கான்ஃபெட்டி என்னும் இத்தாலியச் சொல் முதலில் காகிதத்தைக் குறிக்கவில்லை; சர்க்கரை பூசிய வாதுமைப் பருப்பு முதலிய இனிப்புகளையே குறித்தது. இத்தாலியத் திருவிழாக்களில் சர்க்கரை பூசிய கொத்துமல்லி விதைகளை எறிந்து மகிழ்வர். அதனால் அந்நாட்டில் இன்றும் காகிதத் துணுக்குகளுக்குக் கொத்துமல்லியை ஒட்டிய பெயரே வழங்குகின்றது. பட்டுப்புழுத் தட்டுகளில் இடுவதற்காகத் துளையிட்ட தாள்களிலிருந்து உதிர்ந்த வட்டத் துணுக்குகளை, 1875இல் மிலான் நகரில் என்ரிக்கோ மஞ்சிலி என்பவர் விற்கத் தொடங்கினார் என்பர். நெல், மலர், இனிப்பு, காகிதம் ஆகிய இவையனைத்தும் மண்ணால் செரிக்கத்தக்க பொருள்கள் என்பதை நீங்கள் கவனித்தல் வேண்டும்.

இனி, ஜிகினாவின் இயல்பைக் காண்போம். அது பெரும்பாலும் பாலியெஸ்டர் என்னும் பிளாஸ்டிக் படலத்தின்மேல் அலுமினியத்தை மிக மெல்லிதாகப் படியவைத்துச் செய்யப்படுவது; சில வகைகள் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. காகிதம் செல்லுலோசு என்னும் தாவரப் பொருளால் ஆனது. மண்ணிலுள்ள பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் செல்லுலோசைச் சிதைத்து உணவாக்கிக்கொள்ள வல்லவை. பாலியெஸ்டரை அவ்வாறு சிதைக்கும் ஆற்றல் நம் தோட்டத்து மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கு அநேகமாக இல்லை. வெயிலாலும் உராய்வாலும் அது சிறு துகளாக உடையும், மீண்டும் உடையும், ஆனால் மறையாது. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த இத்தகைய துகள்களை நுண்பிளாஸ்டிக் என்பர். நீர்வாழ் உயிர்கள் அவற்றை இரையென்று விழுங்குகின்றன.

எரித்துவிட்டால் தீராதோ எனில், அது இன்னும் கேடானது. பி.வி.சி.யில் குளோரின் உண்டு. எரியும்போது ஐதரசன் குளோரைடு என்னும் அமிலவாயுவும், டையாக்சின் என்னும் நச்சுப் பொருள்களும் தோன்றக்கூடும். மணவீட்டார் வாழ்த்துப் பெற்று ஊர் திரும்புகின்றனர். அப்புகையை உட்கொள்பவர் அம்மூதாட்டி. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் 17 முதல், மக்காத பிளாஸ்டிக்கால் ஆன ஜிகினாத் தூளைத் தனியே விற்பதைத் தடை செய்திருக்கின்றது.

அப்படியாயின் எதைத் தூவலாம்? பழைய அட்சதையே நன்று. ஆயினும், அரிசியைத் தின்னும் பறவைகளின் வயிறு உப்பி வெடித்துவிடும் என்றொரு பேச்சு மேல்நாட்டில் பரவியிருந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலச் சட்டமன்றத்தில் 1985இல் திருமணங்களில் அரிசி தூவுவதைத் தடுக்க ஒரு மசோதாவும் கொண்டுவரப்பட்டது. கென்டக்கிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் குருப்பா என்பவர், தம் மாணவர்களைக் கொண்டே தானியங்கள் நீரில் எவ்வளவு உப்புகின்றன என்று அளந்தும், தாம் வளர்த்த புறாக்களுக்கு அரிசியைக் கொடுத்துப் பார்த்தும், அவ்வச்சம் ஆதாரமற்றது என்று 2005இல் எழுதினார். நம் வயல்களில் நெல்லைக் கொத்தும் சிட்டுக்களைக் கண்டவர்க்கு இது வியப்பளிக்காது. எனினும் அரிசி உணவு; ஆதலின் ஒரு சிட்டிகையே போதும்.

அடுத்து, மலரிதழ்கள். ரோசாவும் செவ்வந்தியும் ஏற்றவை. அரளியை மட்டும் விலக்குங்கள். அதனை மேயும் ஆடுமாடுகளுக்கு அது நஞ்சாகும். மரத்தடியில் உதிர்ந்த உலர்ந்த இலைகளை, அலுவலகங்களில் தாளுக்குத் துளையிடும் கருவியால் வட்ட வட்டமாக வெட்டியும் தூவலாம். இதற்குச் செலவே இல்லை. காகிதம் வேண்டுமெனின், பளபளப்பு ஏற்றாத மெல்லிய தாளைக் கொள்க. சாயம் கசியும் தாள் பட்டுச்சேலையையும் கெடுக்கும், நீரையும் கெடுக்கும். 'மக்கக்கூடியது' என்று உறையில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிவிடலாகாது. மாச்சத்திலிருந்து செய்யப்படும் பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக், ஏறக்குறைய 60 பாகை வெப்பமுள்ள உரக்கூடங்களில்தான் செவ்வனே மக்கும். குளத்துநீரில் அது நெடுநாள் கிடக்கும்.

ஐயம் தீர எளிய சோதனைகள் உண்டு. துணுக்கைக் கிழித்துப் பாருங்கள். காகிதமாயின் கிழிந்த ஓரத்தில் நார் தெரியும். பிளாஸ்டிக் படலமாயின் இழுபடும், அல்லது வழவழவென்று கிழியும். ஓர் இரவு நீரில் ஊறவைத்து விரலால் தேயுங்கள். மெல்லிய காகிதம் கூழாகும். அதன்பின் ஈரமண் நிரம்பிய தொட்டியில் மலரிதழ், காகிதம், ஜிகினா ஆகிய மூன்றையும் புதைத்து, ஒரு திங்கள் கழித்துத் தோண்டிப் பாருங்கள்.

என் பேரன் இந்த மூன்றாம் சோதனையைச் செய்தான். ஒரு திங்கள் சென்று தோண்டியபோது இதழ் இருந்த இடம் தெரியவில்லை. காகிதம் கருத்து, தொட்டவுடன் பொடிந்தது. ஜிகினாவை நீரில் அலம்பினான். கடையில் வாங்கிய அன்று போலவே அது மின்னிற்று. அவன் ஒன்றும் பேசவில்லை. வைகாசியில் அவன் அத்தை மகளுக்குத் திருமணம். அதற்கென்று வாங்கி வைத்திருந்த நான்கு குழாய்களையும் அன்று மாலையே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். திருமணத்தன்று வாழையிலைத் தொன்னைகளில் ரோசா இதழ்களை நிரப்பி, வந்தவர்க்கெல்லாம் அவனே வழங்கினான்.

உங்கள் வீடுகளிலும் திருமணங்கள் நடைபெறும். என்ன தூவலாம் என்று பெரியோர் கலந்து பேசும்போது மூன்று வினாக்களைப் பணிவுடன் முன்வையுங்கள்: இது எதனால் ஆனது? எங்கே போய் விழும்? நாம் சென்றபின் இதனைப் பெருக்குபவர் யார்? இம்மூன்றிற்கும் கூசாமல் விடை சொல்ல இயலுமாயின், அப்பொருளை மனமாரத் தூவி மணமக்களை வாழ்த்துங்கள்.