ரீல்ஸில் ஆடும் பச்சாட்டா... பிறந்த ஊரில் எப்படி இருக்கும்? மாணவர்களை இழுக்கும் டொமினிக்கன் இசைப் பயணம்!

இப்படி ஒரு ரீல்ஸ் உங்கள் கண்ணில் நிச்சயம் பட்டிருக்கும். மங்கலான லைட், சிணுங்கும் கிடார், அலைபோல நெளிந்து ஆடும் ஒரு ஜோடி. கீழே கமென்ட்டில் யாராவது 'பச்சாட்டா' என்று எழுதியிருப்பார்கள். நம்ம ஊர் பெருநகரங்களில் சல்சா சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளில்கூட இப்போது பச்சாட்டாவும் உண்டு.

ஆனால், அந்த நடனம் பிறந்த டொமினிக்கன் குடியரசுக்கே போய், ஒரு தெருமுனைக் கடை வாசலில் ஆடுகிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் குழம்பிப்போவீர்கள். அந்த நெளிவு இல்லை, பின்னால் சாய்ந்து விழும் ஸ்டைல் இல்லை. உடம்பு இயல்பாக நிற்க, கால்கள் மட்டும் சும்மா விளையாடும்!

என்ன வித்தியாசம், ஏன் வித்தியாசம்? இதைத் தெரிந்துகொள்ளத்தான் வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்கள், குறிப்பாக அமெரிக்க மாணவர்கள், கலாசாரப் பரிமாற்றப் பயணமாக அங்கே போகிறார்கள். இசை, நடனம், வரலாறு மூன்றையும் சேர்த்துப் படிக்கும் பயணம் இது. அங்கே அவர்கள் என்ன கற்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதலில், இது எந்த ஊர்?

கிரிக்கெட் ரசிகர்களுக்கு டொமினிக்கா தெரியும். மேற்கிந்தியத் தீவுகள் அணி விளையாடும் வின்ட்சர் பார்க் மைதானம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அது வேறு, டொமினிக்கன் குடியரசு வேறு. இது ஹிஸ்பானியோலா என்ற பெரிய கரீபியன் தீவின் கிழக்குப் பகுதி. மேற்குப் பகுதி ஹைட்டி. இங்கே ஸ்பானிஷ் பேசுவார்கள். விளையாட்டு என்றால் பேஸ்பால்தான், கிரிக்கெட்டுக்கு வேலையே இல்லை.

1492-ல் கொலம்பஸ் வந்திறங்கிய தீவுகளில் இதுவும் ஒன்று. ஏற்கெனவே அங்கு வாழ்ந்த டைனோ மக்கள், ஸ்பானியர்கள் வந்த சில பத்தாண்டுகளிலேயே நோயாலும் கொடுமையாலும் பெருமளவில் அழிந்துபோனார்கள். வேலை செய்ய ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். தலைநகர் சாண்டோ டொமிங்கோவின் பழைய நகரம் 1990-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்ந்தது. மாணவர்களின் பயணம் பெரும்பாலும் இந்தக் கல் பாவிய தெருக்களில்தான் தொடங்கும்.

மூணு வாத்தியம், ஒரு மெரெங்கே

அடுத்தது பயிற்சி வகுப்பு. நாட்டின் அடையாளமான மெரெங்கே இசைக்கு அடிப்படை மூன்று வாத்தியங்கள்.

தம்போரா: மடியில் கிடத்தி வாசிக்கும் இருமுக மேளம். ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் வெறுங்கை.

குவீரா: பார்க்க நம் வீட்டுக் காய்கறித் துருவியைக் குழாய்போலச் சுருட்டியது மாதிரி இருக்கும். புடைப்புகள் நிறைந்த அந்த உலோகத் தகட்டைக் கம்பிகள் கொண்ட சீப்பு ஒன்றால் சுரண்ட வேண்டும். 'இவ்வளவுதானா?' என்று கையில் எடுப்பவருக்குப் பத்தே நிமிடத்தில் மணிக்கட்டு கெஞ்ச ஆரம்பித்துவிடும். மொத்தக் குழுவின் வேகத்தையும் பிடித்து நிறுத்துவது இந்தச் 'சர்க்... சர்க்' சத்தம்தான்.

அக்கார்டியன்: புகையிலை விளையும் வடக்குச் சிபாவோ பகுதிக்கு 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மன் வணிகத் தொடர்பு வழியாக வந்தது. அதற்கு முன் அந்த இடத்தில் கிடார் வகை வாத்தியங்கள் இருந்தன.

'டைனோவுக்குக் குவீரா, ஆப்பிரிக்காவுக்குத் தம்போரா, ஐரோப்பாவுக்கு அக்கார்டியன்... மூன்று வேரும் சேர்ந்ததுதான் நாங்கள்' என்று அங்கே சொல்வது வழக்கம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால், அந்த நாட்டின் வரலாற்றில் இந்த மூன்று வேர்களுக்கும் சம மரியாதை கிடைக்கவில்லை.

சர்வாதிகாரிக்குப் பிடித்த தாளம்

மெரெங்கே முதலில் கிராமத்து ஏழைகளின் ஆட்டம். நகரத்துப் பணக்காரர்கள் அதை அசிங்கம் என்று ஒதுக்கினார்கள். 1930-ல் ஆட்சியைப் பிடித்த ரஃபேல் ட்ருஹியோ, தன் தேர்தல் பிரசாரத்துக்குக் கிராமத்து மெரெங்கே குழுக்களைக் கூடவே கூட்டிப்போனார். பதவிக்கு வந்த பிறகு லூயிஸ் அல்பெர்ட்டியின் நடன இசைக்குழுவைத் தலைநகருக்கு வரவழைத்து, அதற்குத் தன் பெயரையே வைத்தார். சாக்ஸபோன், டிரம்பெட் எல்லாம் சேர்ந்து மெரெங்கே கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டது. ஒதுக்கியவர்களே அதற்கு ஆட வேண்டிய நிலை! அவர் புகழ் பாட மட்டும் நூற்றுக்கணக்கில் மெரெங்கே பாடல்கள் எழுதப்பட்டன. அவருடைய தம்பி கையில் வானொலி நிலையமே இருந்தது.

அதே ட்ருஹியோதான் 1937-ல் ஹைட்டி எல்லையோரம் ஆயிரக்கணக்கான ஹைட்டியர்களைக் கொல்ல உத்தரவிட்டவர். 'நாம் ஸ்பானிய வாரிசுகள், ஹைட்டியர்கள்தான் ஆப்பிரிக்கர்கள்' என்ற எண்ணம் அரசாங்கக் கொள்கையாகவே பரப்பப்பட்டது. மெரெங்கேயில் ஆப்பிரிக்கப் பங்கு எதுவும் இல்லை என்று வாதிட்டவர்களும் உண்டு. தம்போரா கண்ணெதிரே அதிர்ந்துகொண்டிருக்கும்போதே! ஹைட்டியில் கிட்டத்தட்ட அதே பெயரில், உறவுக்கார இசை ஒன்று இருப்பதும் வசதியாக மறக்கப்பட்டது.

ட்ருஹியோ 1961-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். மெரெங்கே அவரோடு சாகவில்லை. ஜானி வென்ச்சுரா போன்றவர்கள் அதற்குப் புது வேகம் கொடுத்தார்கள். அவர் பின்னாளில் சாண்டோ டொமிங்கோவின் மேயராகவே ஆனார். இன்று நவம்பர் 26 அங்கே தேசிய மெரெங்கே தினம். 2016-ல் யுனெஸ்கோ அங்கீகாரமும் வந்துவிட்டது.

'கசப்பு' என்று பெயர் வாங்கிய பச்சாட்டா

ட்ருஹியோ இறந்த பிறகு கிராமத்து மக்கள் கூட்டம் கூட்டமாகத் தலைநகரின் குடிசைப் பகுதிகளுக்கு வந்தார்கள். பிரிவு, ஏமாற்றம், குடி... அவர்களின் வலி கிடாரில் ஏறியது. 1962-ல் ஹோசே மானுவல் கால்டெரோன் பதிவுசெய்த பாடலைத்தான் பச்சாட்டாவின் முதல் ஒலிப்பதிவு என்று சொல்கிறார்கள்.

'பச்சாட்டா' என்றால் ஆரம்பத்தில் கொல்லைப்புறத்தில் கூடி ஆடிப்பாடும் சாதாரண விருந்து. பிறகு, 'இதெல்லாம் ஒரு பாட்டா?' என்ற கேலியோடு அந்தப் பெயர் இசைக்கு ஒட்டிக்கொண்டது. 'அமார்கே', அதாவது கசப்பு, என்றும் அழைத்தார்கள். பெரிய வானொலி நிலையங்கள் ஒலிபரப்பவில்லை. ரேடியோ குவாராச்சிட்டா என்ற நிலையம்தான் ஏழைகளுக்காக அதைப் போட்டது. 'நல்ல குடும்பத்துப்' பிள்ளைகள் கேட்கக் கூடாத, மதுக்கடைப் பாட்டு என்ற முத்திரை பல ஆண்டுகள் போகவில்லை.

திருப்பம் 1990-ல். அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்த ஹுவான் லூயிஸ் குவெர்ரா 'பச்சாட்டா ரோசா' ஆல்பத்தை வெளியிட்டார். அதற்கு கிராமி விருது கிடைத்ததும், அதுவரை முகம் சுளித்தவர்களே பச்சாட்டாவைச் சத்தமாகப் போட்டார்கள். அடுத்து, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்த டொமினிக்கன் குடும்பத்துப் பிள்ளைகளின் 'அவென்ச்சுரா' குழு. அவர்களின் 'ஒப்செசியோன்' பாடல் ஐரோப்பாவையே ஆட்டிவைத்தது. ரோமியோ சாண்டோஸ் வந்தது அந்தக் குழுவிலிருந்துதான். 2019-ல் பச்சாட்டாவும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

சரி, அந்த ரீல்ஸ் நெளிவு எங்கிருந்து வந்தது? அது 'சென்சுவல் பச்சாட்டா'. ஸ்பெயின் நாட்டின் காடிஸ் நகரைச் சேர்ந்த ஒரு நடன ஜோடி 2000-களில் உருவாக்கிய பாணி. அழகான பாணிதான். அதைக் கற்றுக்கொள்வதில் தப்பே இல்லை. அதுதான் டொமினிக்கன் பச்சாட்டா என்று நினைப்பதுதான் தப்பு.

கால்கள் எதைக் கேட்கின்றன?

அடிப்படை ஸ்டெப் ரொம்ப சிம்பிள். மூன்று அடி எடுத்து வைக்க வேண்டும், நான்காவது எண்ணிக்கையில் இடுப்பு லேசாக உயர ஒரு தட்டு. ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்.

அங்கே போகும் மாணவர்கள் திணறுவது அதற்குப் பிறகுதான். ஒரு பச்சாட்டா பாடலுக்குள் தாளம் பொதுவாக மூன்று விதமாக மாறும். சரணத்தில் நிதானமான 'தெரெச்சோ', பல்லவியில் அழுத்தமான 'மஹாவோ', கிடார் தனியாகப் பாயும் இடத்தில் துள்ளலான 'மாம்போ'. இதற்கேற்ப போங்கோவும் குவீராவும் மாற, டொமினிக்கன்காரர்களின் காலும் தானாக மாறும். எண்ணி ஆடிப் பழகியவர்கள் அங்கே கேட்டு ஆடப் பழக வேண்டியிருக்கிறது. இதைக் கண்ணாடி வைத்த ஸ்டூடியோவைவிட 'கொல்மாடோ' நன்றாகச் சொல்லிக்கொடுக்கும். கொல்மாடோ என்றால் அரிசி, முட்டை, குளிர்ந்த பீர் எல்லாம் விற்கும் தெருமுனை மளிகைக்கடை. மாலையானால் அதன் ஸ்பீக்கர்தான் தெருவுக்கே டி.ஜே. அங்கே பாட்டிகளும் ஆடுவார்கள், பேரன்களும் ஆடுவார்கள். வெளியூர்க்காரர் தப்பாக ஆடினால் சிரிப்பார்கள், அடுத்த பாட்டுக்கு அவர்களே கைப்பிடித்து இழுப்பார்கள்.

போனை உள்ளே வைக்க வேண்டிய இடம்

தலைநகரை ஒட்டி வடக்கே இருக்கிறது வில்லா மெல்லா. ஆப்பிரிக்க அடிமைகளும் கலப்பின மக்களும் 16-ம் நூற்றாண்டில் தொடங்கியதாகச் சொல்லப்படும் 'பரிசுத்த ஆவியின் கொங்கோஸ் சகோதரத்துவம்' இன்றும் இங்கே இயங்குகிறது. கொங்கோ மேளங்கள்தான் இவர்களின் உயிர். பரிசுத்த ஆவிப் பெருவிழாவிலும் இறுதிச் சடங்குகளிலும் வாசிப்பார்கள். ஒருவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, அவரைக் குறிக்கும் ஒரு பொம்மையைச் செய்து, மேளம் முழங்க வழியனுப்பும் 'பாங்கோ' சடங்கும் உண்டு. 2001-லேயே யுனெஸ்கோ இதைச் சிறப்பித்தது. மெரெங்கே, பச்சாட்டாவுக்கெல்லாம் முன்னால்!

இது மேடை நிகழ்ச்சி அல்ல. அங்கே நிற்பவர்களில் ஒருவர் தன் அம்மாவை வழியனுப்பிக்கொண்டிருக்கலாம். 'ஒரு ஸ்டோரி போட்டுடலாம்' என்று போனை நீட்டும் இடமில்லை அது. படம் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் கைகட்டிக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

விருந்தாளியா... வாடிக்கையாளரா?

புன்டா கானா ரிசார்ட்டுகளில் நீச்சல்குளத்து ஓரமாகவே மெரெங்கே ஆடிவிட்டு வந்துவிட முடியும். பரிமாற்றப் பயணம் அதிலிருந்து வேறுபட வேண்டுமானால் சில விஷயங்கள் முக்கியம். சொல்லிக்கொடுப்பவர் உள்ளூர்க் கலைஞராக இருக்க வேண்டும், அவருக்கு நியாயமான சம்பளம் போய்ச்சேர வேண்டும். மாணவர்களும் தங்கள் ஊர்ப் பாட்டு ஒன்றைப் பாடவோ ஆடவோ தயாராகப் போக வேண்டும். ஒருபக்கம் மட்டும் கொடுத்தால் அதற்குப் பெயர் பரிமாற்றம் இல்லையே! அடிமை முறை, ட்ருஹியோ, ஹைட்டி பற்றிய கேள்விகளைக் கேட்கவும் பயணத்திட்டத்தில் இடம் இருக்க வேண்டும். ஒருகாலத்தில் 'கேவலம்' என்று ஒதுக்கப்பட்டது எப்படித் தேசியப் பெருமையாக ஆனது, அதில் எந்தப் பகுதி மட்டும் மெருகேற்றப்பட்டது, எது மறைக்கப்பட்டது... இந்தக் கேள்விகளோடு ஆடினால் அந்த மூன்று அடி, ஒரு தட்டுக்கே வேறு கனம் வந்துவிடும்.

போக முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இன்று இரவு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கால்டெரோன், அடுத்து ஹுவான் லூயிஸ் குவெர்ரா, அடுத்து அவென்ச்சுரா என்று வரிசையாகக் கேளுங்கள். பாடகரின் குரலை விட்டுவிட்டு, பின்னால் சுரண்டிக்கொண்டிருக்கும் குவீராவை மட்டும் காதால் பிடித்துப் பாருங்கள். உங்கள் கால் தானாக அசையத் தொடங்கினால், முதல் வகுப்பு முடிந்தது!