சம்மதம் தரும் உரிமை

இங்கிலாந்தில் பிறக்கும் ஒவ்வொரு சிசுவுக்கும் சிவப்பு அட்டை போட்ட ஒரு சிறு புத்தகம் கொடுக்கிறார்கள். குழந்தையின் எடை, உயரம், போட்ட ஊசி எல்லாம் அதில் தேதியிட்டு எழுதப்படும். பெற்றோரால் பராமரிக்க இயலாமற் போனதாலோ, பெற்ற வீட்டிலேயே ஆபத்து நேர்ந்ததாலோ, உள்ளூராட்சிக் கவுன்சில் அதிகாரிகள் ஒரு குழந்தையை அகாலத்தில் அழைத்து வந்து முன்பின் அறியாத ஒரு வீட்டு வாசலில் நிறுத்தும்போது, நாலு உடுப்பும் ஒரு பொம்மையும் கூட வரும். அந்தச் சிவப்புப் புத்தகம் பல வேளைகளில் வராது. சில நாள் கழித்துத் தடுப்பூசிக்கு வரச் சொல்லி வைத்திய நிலையத்திலிருந்து கடிதம் வந்ததும், பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டு அதைப் பிரிக்கும் வளர்ப்புத் தாயின் மனத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இதற்கு முன் என்னென்ன ஊசி போட்டார்கள்? இதைப் போடுவதற்குச் சம்மதம் தர எனக்கு அதிகாரம் உண்டா?

இரவெல்லாம் கண்விழித்துக் காய்ச்சலுக்குத் துணி நனைத்துப் போடுகிறவளே ஆயினும், வளர்ப்புத் தாய் என்ற ஸ்தானத்தினால் மட்டும் அவளுக்குப் பெற்றோருக்குரிய சட்டப் பொறுப்பு வந்துவிடுவதில்லை. அது யாரிடம் இருக்கிறதென்பது, குழந்தை எந்த மார்க்கமாகப் பராமரிப்புக்கு வந்தது என்பதைப் பொறுத்தது. 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தில் 20ஆம் பிரிவின்படி பெற்றோர் தாமாகவே இசைந்து ஒப்படைத்த குழந்தையாயின், பொறுப்பு முழுவதும் பெற்றோரிடமே நிற்கிறது. கவுன்சிலுக்குக்கூட அதில் பங்கில்லை. 31ஆம் பிரிவின்கீழ் நியாயஸ்தலம் பராமரிப்பு உத்தரவு பிறப்பித்திருந்தால், பொறுப்பு கவுன்சிலுக்கும் பெற்றோருக்கும் பொதுவாகிறது. பெற்றோர் அதனை எந்த அளவுக்குப் பிரயோகிக்கலாம் என்று வரையறுக்கும் அதிகாரத்தை 33ஆம் பிரிவு கவுன்சிலின் கையில் வைக்கிறது. அன்றாட காரியங்களில் தீர்மானம் செய்யும் அதிகாரத்தை வளர்ப்பவரிடம் எழுத்து மூலம் ஒப்படைக்கலாம். எழுத்தில் இல்லாத அதிகாரத்தை நம்பி நர்ஸின் முன்னால் போய் உட்காருவது வீண் அலைச்சல்.

பெற்றோர் தடுப்பூசியே கூடாது என்று உறுதியாக ஆட்சேபிக்கும்போது என்ன செய்வது என்ற கேள்வி நெடுங்காலம் தெளிவில்லாமல் இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்காகவும் நியாயஸ்தலத்தின் படி ஏற வேண்டுமா? 2020 மே மாதம், கொள்ளைநோயின் முதல் அலை இன்னும் அடங்காத நாட்களில், இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நியாயஸ்தலம் இதற்கு விடை கூறியது. வழக்கமான குழந்தைப் பருவத் தடுப்பூசி கடுமையான வைத்திய சிகிச்சை அன்று என்றும், பராமரிப்பு உத்தரவு பெற்ற கவுன்சில் பெற்றோரின் ஆட்சேபத்தை மீறியும் 33ஆம் பிரிவின்கீழ் சம்மதம் தரலாம் என்றும், அதற்கென வழக்குத் தொடுக்க வேண்டியதில்லை என்றும் நீதிபதி கிங் அம்மையார் தீர்ப்பு எழுதினார். மறு ஆண்டு செப்டம்பர் 13ஆம் தேதி, 12 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கொரோனா தடுப்பூசி போடலாமென்று பிரிட்டனின் நான்கு பிரதேசங்களின் தலைமை வைத்திய அதிகாரிகளும் பரிந்துரைத்தார்கள். 13 வயதை எட்டவிருந்த ஒரு பிள்ளை தனக்கு அந்த ஊசி வேண்டுமென்று விரும்ப, தாயார் பலமாக எதிர்த்த வழக்கில், முந்திய தீர்ப்பின் நியாயம் கொரோனாவுக்கும் குளிர்கால ஃப்ளூ ஊசிக்கும் பொருந்தும் என்று நீதிபதி பூல் நவம்பரில் தீர்ப்பளித்தார்.

இத்தீர்ப்புகள் சரியானவையென்றே கருதுகிறேன். தட்டம்மை, பெற்றோரின் வழக்கு முடியும்வரை வாசலில் காத்து நிற்பதில்லை. ஆயினும் தாயின் வாயை அடைப்பதற்குச் சட்டம் யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை. தீர்மானம் செய்யுமுன் பெற்றோரின் எண்ணத்தையும் குழந்தையின் எண்ணத்தையும் கேட்டறிய வேண்டியது கவுன்சிலின் கடமை. குறிப்பிட்ட அந்தக் குழந்தைக்கு ஒவ்வாமையோ வேறு வைத்தியக் காரணமோ இருந்தால், அது விசேஷ சந்தர்ப்பம். கவுன்சிலின் முடிவைத் தடுக்க விரும்பும் பெற்றோர், 1998ஆம் ஆண்டின் மனித உரிமைகள் சட்டத்தின்கீழ்த் தடை உத்தரவு கோரலாம்.

பிள்ளையின் சொல்லுக்கும் எடை உண்டு. 16 வயது நிரம்பியவர் தம் சிகிச்சைக்குத் தாமே சம்மதம் தரலாம் என்று 1969ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அதற்குக் குறைந்த வயதினரும், விஷயத்தின் தன்மையை உணரும் புத்தித் தெளிவு உடையவராயின், சம்மதம் தரலாம் என்பது 1985இல் கில்லிக் வழக்கில் பிரபுக்கள் சபை நிலைநாட்டிய நெறி.

அபாயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொரோனா ஊசிக்குப்பின், பெரும்பாலும் இளவயது ஆண்களிடத்தில், அபூர்வமாக இதயத் தசை அழற்சி கண்டதுண்டு. அதனாலேயே சிறுவர் விஷயத்தில் இங்கிலாந்து நிதானமாகவே முன்னேறியது. பக்கவிளைவு தோன்றினால் வைத்தியரும் தெரிவிக்கலாம், வளர்ப்பவரும் தெரிவிக்கலாம். 1964 முதல் நடந்துவரும் அந்த ஏற்பாட்டுக்கு மஞ்சள் அட்டை என்று பெயர். கடுமையான ஊனம் நேர்ந்ததாக நிரூபணமானால், 1979ஆம் ஆண்டின் சட்டப்படி 1,20,000 பவுண்டு வரிப்பிடித்தமின்றிக் கிடைக்கும். ஊனம் 60 சதவீதத்துக்குக் குறையலாகாது என்பது நிபந்தனை.

கொள்ளைநோயைக் காரணம் காட்டி கவுன்சிலின் பராமரிப்பிலுள்ள குழந்தைகளின் பாதுகாப்பையே தளர்த்திய ஒரு சம்பவத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2020 ஏப்ரல் 23ஆம் தேதி பார்லிமெண்டில் வைக்கப்பட்டு மறுநாளே அமுலுக்கு வந்த திருத்த விதிகள், ஆறு வாரத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் நேரில் வந்து பார்க்க வேண்டிய கடமையைத் தொலைபேசியாலும் வீடியோவாலும் நிறைவேற்றலாம் என்றன; ஆறு மாத மறுபரிசீலனையையும் இயன்றபோது செய்தால் போதும் என்றன. சாப்பாட்டு மேஜையின்மேல், வீட்டார் அனைவரும் சூழ்ந்திருக்க, திறந்து வைத்த தொலைபேசியில் "நன்றாக இருக்கிறாயா?" என்று கேட்டால், துன்பப்படும் குழந்தை என்ன பதில் சொல்லும்? ஆர்ட்டிகிள் 39 என்ற குழந்தை உரிமை அமைப்பு வழக்குத் தொடுத்தது. கீழ் நியாயஸ்தலத்தில் தோற்று மேல்முறையீடு செய்தது. குழந்தைகள் ஆணையரையும் குழந்தை உரிமை அமைப்புகளையும் கலந்தாலோசிக்காமல் அரசாங்கம் விதிகளை மாற்றியது சட்ட விரோதம் என்ற தீர்ப்பு நவம்பர் 24ஆம் தேதி வந்தபோது, அவ்விதிகள் செப்டம்பரிலேயே பெரும்பாலும் காலாவதியாகி இருந்தன. நியாயம் கிடைத்தது, ஆனால் பார்க்கப்படாமற் போன வாரங்கள் அக்குழந்தைகளுக்குத் திரும்பிவரவில்லை.

இங்கிலாந்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. உறவுமுறை இல்லாத ஊர்க்காரர் வீட்டில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை 28 நாளோ அதற்கு மேலோ விட்டுவைப்பதாயின், கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். பாட்டி, மாமா, பெரியம்மா போன்ற நெருங்கிய உறவினருக்கு இவ்விதி இல்லை. அறிவிப்பதோடு, வைத்தியத்துக்கான சம்மதத்தையும் தாயோ தந்தையோ எழுத்தில் கொடுத்துவிடுவது நலம்.

குழந்தையை ஏற்கும் எவரும், அது வாசலில் வந்து நிற்கும் அன்றைக்கே, சிவப்புப் புத்தகம் எங்கே, வந்தது 20ஆம் பிரிவிலா 31ஆம் பிரிவிலா, தடுப்பூசிக்குக் கையொப்பமிடுபவர் யார் என்ற மூன்றையும் சமூகப் பணியாளரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அக்குழந்தைக்கென நியமிக்கப்பட்ட சுயேச்சையான மறுபரிசீலனை அதிகாரியிடம் முறையிடுங்கள். அங்கும் பலனில்லையாயின், 26ஆம் பிரிவின்கீழ்ப் புகார் செய்யும் உரிமை பெற்றோருக்கும் வளர்ப்பவருக்கும் உண்டு, குழந்தைக்கும் உண்டு.