விழித்திரைப் படமும் அதைப் படிக்கும் கண்ணும்

உடலைக் கீறாமல் அதன் உள்ளுறுப்பைக் காணும் ஆற்றல் மனிதனுக்கு வாய்த்து நூற்றாண்டு ஒன்றும் சில பத்தாண்டுகளுமே ஆகின்றன. அதற்கு முன் மருத்துவர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். நாவின் நிறத்தை நோக்கினார். வலிக்கும் இடத்தைத் தொட்டு உணர்ந்தார். 1895ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தபோது ஒரு புதிய வாயில் திறந்தது. தமிழகத்திலும் அக்கலை காலத்தோடு வேரூன்றியது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பட்டுச் சிகிச்சைக்கும் கல்விக்கும் களமாயிற்று. பின்னர் 1971இல் சி.டி. ஸ்கேன் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்பட்டது, அதன்பின் எம்.ஆர்.ஐ. வந்தது. இன்று இவை நம் ஊர்ப்புறத்து மக்களும் அறிந்த பெயர்களாகிவிட்டன.

ஆயினும், கருவியை வாங்கி நிறுவிவிட்டால் மருத்துவம் வளர்ந்துவிடும் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். அஃது உண்மையன்று. தமிழ் பயில்வோர் இதனை எளிதில் உணரலாம். பனையோலைச் சுவடியை விலைக்கு வாங்கியவர் அனைவரும் அதனைப் படித்துவிட முடியாது. அதில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றும். செல்லரித்த இடமும் இருக்கும். பயின்ற கண்ணுக்கே அது நூல்; பயிலாத கண்ணுக்கு வெறும் கீறல். மருத்துவப் படமும் அத்தகையதே. படம் எடுப்பது ஒரு கலை. படத்தைப் படிப்பது மற்றொரு கலை. இரண்டையும் கற்பிக்கும் இடமே உண்மையான படிமவியல் நிலையம். இவ்வுண்மையை விளக்க நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. மதுரை மாநகரிலேயே, கண் மருத்துவத் துறையில், நல்ல சான்று உண்டு.

கண் என்னும் சாளரம்

மனித உடலில் குருதிக்குழாய்களைக் கத்தியின்றி நேரில் காணக்கூடிய இடம் கண்ணின் உட்புறத் திரை. கண்பாவை வழியே ஒளியைச் செலுத்தி விழித்திரையை நோக்கும் கருவியை 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அறிமுகப்படுத்தினார். அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே காட்சியின் இயல்பை ஆய்ந்தவர் இப்னுல் ஹைத்தம். பஸ்ராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அவ்வறிஞர், தம் ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் நூலில், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கருத்தை மறுத்தார். பொருளினின்று வரும் ஒளியே கண்ணுள் புகுகிறது என்று நிறுவினார். அது மட்டுமன்று. ஒளி கண்ணில் விழுவதோடு காட்சி நிறைவடைவதில்லை; முன்னறிவும் ஆராய்ந்து தீர்மானிக்கும் மனமும் சேர்ந்தே பொருளை இன்னதென அறிகின்றன என்பதும் அவர் கருத்தாகும். இன்றைய படிமவியலுக்கு இதனினும் பொருத்தமான முன்னுரை வேறில்லை.

விழித்திரையைப் படமெடுப்பதால் நேரும் பயன் யாது? நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு கணித்துள்ளது. இந்நோய் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது விழித்திரையின் நுண்குழாய்களை நலிவுறச் செய்கிறது. முதலில் குழாயின் சுவர் ஊசிமுனையளவு புடைக்கும். பின்னர்க் குருதி கசியும். மஞ்சள் நிறப் படிவுகள் தோன்றும். முற்றிய நிலையில் வலுவற்ற புதுக்குழாய்கள் முளைத்து, உடைந்து, கண்ணினுள் குருதி பெருகும். தொடக்கத்தில் வலி இல்லை, பார்வையும் மங்குவதில்லை. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ வயல்வேலை செய்யும் ஒருவர், ‘என் கண் நன்றாகத்தான் தெரிகிறது’ என்று மனமாரச் சொல்லலாம். அவ்வேளையிலேயே அவர் விழித்திரை பழுதுபட்டுக்கொண்டிருக்கலாம். உரிய காலத்தில் கண்டால் லேசர் சிகிச்சையாலும் கண்ணுள் செலுத்தும் ஊசிமருந்தாலும் பெரும்பாலும் பார்வையைக் காக்க இயலும். காலந்தாழ்ந்து இழந்த பார்வையை மீட்பதோ அரிது. ஆகவே, நோயாளி உணராததைப் படம் உணர்த்த வேண்டியுள்ளது.

மதுரையில் வளர்ந்த பயிற்சி

எட்டயபுரத்தை அடுத்த சிற்றூரில் 1918இல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகிக்கொண்ட அவர், மதுரை அரசு மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரியிலும் நெடுங்காலம் பணியாற்றினார். 1976இல் ஓய்வு பெற்றபின், மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006இல் அவர் மறைந்தார். அவர் நட்ட மரம் இன்று பல ஊர்களில் கிளை பரப்பியுள்ளது.

இம்மருத்துவமனையின் வலிமை அதன் பயிற்சி முறையில் உள்ளது. பள்ளிப்படிப்பை முடித்த கிராமத்து இளம்பெண்களைத் தேர்ந்து, இரண்டாண்டுப் பயிற்சி அளித்து, கண் மருத்துவப் பணியாளர்களாக ஆக்குகின்றனர். பார்வையை அளப்பது, கருவிகளை இயக்குவது, விழித்திரையைப் படமெடுப்பது முதலியன அவர்கள் கைப்பணி. ஊர்ப்புறங்களில் அமைந்துள்ள பார்வை மையங்களில் இத்தகைய பணியாளரே நோயாளியைச் சோதித்து, நகரத்திலுள்ள மருத்துவருடன் தொலைத்தொடர்பு வழியே இணைக்கிறார்.

மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் உண்டென வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வகுத்தார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர். நான்காமவரைச் சேர்த்து எண்ணியதிலேயே வள்ளுவரின் நுண்மை புலப்படுகிறது. படமெடுக்கும் பெண்ணின் கை நடுங்கினால், கண்பாவை சிறுத்திருப்பதை அவர் கவனியாவிட்டால், அஞ்சி இமைக்கும் முதியவரிடம் இன்சொல் கூறி நிலைநிறுத்தத் தவறினால், படம் மங்கும். மங்கிய படத்தை எவ்வளவு பெரிய நிபுணராலும் படிக்க இயலாது.

பாடபேதமும் தீர்ப்பும்

இனிப் படத்தைப் படிக்கும் கலைக்கு வருவோம். நீரிழிவு விழித்திரை நோயை ஐந்து நிலைகளாகப் பகுத்துள்ளனர்: நோயின்மை, சிறு பாதிப்பு, நடுத்தரப் பாதிப்பு, கடும் பாதிப்பு, புதுக்குழாய் தோன்றிய நிலை. இதைப் புத்தகத்தில் மனப்பாடம் செய்வது ஒரு நாள் வேலை. ஆயின், ஒரு செம்புள்ளி குழாயின் புடைப்பா, குருதிக் கசிவா, கண்ணாடிவில்லையில் ஒட்டிய தூசியா என்று பிரித்தறிய ஆயிரக்கணக்கான படங்களைக் கண்டு பழக வேண்டும். அங்ஙனம் பழகியோரிடத்தும் கருத்து வேறுபாடு எழும். ஒரே படத்தை ஒருவர் ‘சிறு பாதிப்பு’ என்பார். மற்றொருவர் ‘நடுத்தரம்’ என்பார்.

பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் கண்டு, உரிய பாடத்தைத் துணிந்த உ.வே.சாமிநாதையரின் நெறியைத் தமிழ் மாணவர் அறிவர். படிமவியல் ஆய்விலும் அந்நெறியே பின்பற்றப்படுகிறது. ஒரே படத்தைப் பலர் தனித்தனியே படிப்பர். மாறுபட்டால் கூடி ஆராய்ந்து முடிவு காண்பர். அம்முடிவே உரைகல் ஆகிறது.

இந்த உரைகல்லைக் கொண்டுதான் கணினிக்கும் பாடம் சொல்லப்பட்டது. 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கணினிக்குப் பயிற்சி அளிக்க அவர்கள் கொண்ட விழித்திரைப் படங்கள் 1,28,175. அமெரிக்காவிலிருந்து மட்டுமன்றி, அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய இந்திய மருத்துவமனைகளிலிருந்தும் அவை பெறப்பட்டன. கண் மருத்துவர்கள் 54 பேர், ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு முறை மதிப்பிட்டனர். அம்மதிப்பீடுகளே கணினியின் பாடநூல்.

அடுத்து, மதுரை அரவிந்த் மருத்துவமனையிலும் சென்னைச் சங்கர நேத்ராலயாவிலும் 2016 மே முதல் 2017 ஏப்ரல் வரை 3,049 நோயாளிகளிடம் நேரடிச் சோதனை நடைபெற்றது. அதன் முடிவு 2019இல் வெளியாயிற்று. மதுரையில், மேற்சிகிச்சை வேண்டும் அளவு நோயுள்ளோர் நூற்றுவரில் சுமார் 89 பேரைக் கணினி சரியாகக் கண்டது. அந்நிலை எய்தாதோர் நூற்றுவரில் சுமார் 92 பேரை அவ்வாறே சரியாகச் சொல்லியது. ஒப்பிட்டு நோக்கப்பட்ட மனித மதிப்பீட்டாளர்களின் திறனும் ஏறத்தாழ இத்தகையதே. சிலரினும் கணினி மேம்பட்டிருந்தது. பின்னர் இம்முறை மதுரையில் அன்றாடப் பணிக்கு வந்தது. தமிழகத்தில் 45 இடங்களில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதன்வழிச் சோதிக்கப்பட்டதாக 2025இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

எல்லையும் கடமையும்

இவ்வெண்களைக் கண்டு வியப்பது இயல்பு. வியப்போடு நின்றுவிடுதல் தகாது. நூற்றுவரில் 89 பேரைக் கண்டது என்றால், 11 பேர் தவறவிடப்பட்டனர் என்பதும் அதன் பொருள். அந்தப் பதினொருவரும் ஒவ்வொரு குடும்பத்தின் தாயோ தந்தையோ ஆவர். கணினி கற்றதையே காணும். நீரிழிவுப் பாதிப்பைக் காணக் கற்ற கருவி, கண்ணழுத்த நோயைத் தானாகவே சொல்லிவிடாது. கண்புரை முற்றியவரின் விழித்திரை படத்தில் தெளிவாக விழாது. தாய்லாந்தில் இதே வகைக் கருவியை ஊர்ப்புற மருத்துவ நிலையங்களில் பயன்படுத்தியபோது, ஐந்தில் ஒரு பங்குப் படங்கள் தெளிவின்மையால் தள்ளப்பட்டன என்று 2020இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆய்வுக்கூடத்து வெளிச்சம் வேறு. கிராமத்து அறையின் வெளிச்சம் வேறு. ஆதலின், கருவி பெருகப் பெருக, அதனை இயக்கவும் ஐயுறவும் தெரிந்த மனிதர்களின் தேவை குறைவதில்லை, மிகுகிறது.

இன்னொன்றும் உண்டு. படம் தன்னளவில் யாரையும் குணப்படுத்துவதில்லை. ‘மேற்சிகிச்சை தேவை’ என்று அறிந்த ஒருவர், பேருந்துக் கட்டணத்துக்கும் ஒரு நாள் கூலிக்கும் அஞ்சி வீட்டிலேயே இருந்துவிட்டால், அத்துணை ஆராய்ச்சியும் வீணாகும். அவருக்கு அவர் மொழியில் நோயின் தன்மையை எடுத்துரைப்பார் வேண்டும். இங்குதான் தமிழ் பயில்வோருக்கும் பணி உண்டு. மருத்துவமனைச் சீட்டில் உள்ள செய்தியை ஒரு மூதாட்டி கேட்டு உணரும் நல்ல தமிழில் எழுதித் தருவது இலக்கியத் தொண்டுக்குச் சற்றும் குறைந்ததன்று.

மாணவர்களுக்கு நாம் கூற விழைவது இதுவே: படிமவியல், கண் மருத்துவத் தொழில்நுட்பம் முதலிய துறைகளை மருத்துவப் படிப்பு கிட்டாதோர் புகும் இரண்டாம் வாயிலெனக் கருதாதீர், ஒருவர் பார்வை நிலைப்பதும் போவதும் உங்கள் கையிலும் கண்ணிலும் இருக்கும். பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நீரிழிவு உள்ளவர் கண் நன்றாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். தொழுகைக்கும் கோயிலுக்கும் சந்தைக்கும் கூடும் மக்களிடையே இச்செய்தியைத் தாங்களே எடுத்துரைப்பீர்களாயின், அது பல இல்லங்களில் விளக்கேற்றியதாகும்.