விமானத்துக்குப் பட்டுச் சட்டை

நம் தருமபுரியில் அரசின் பட்டுக்கூடு ஏல அங்காடி இருக்கிறது. மல்பெரி இலை போட்டு வளர்த்த புழுக்களின் கூடுகளை விவசாயிகள் அங்கே கொண்டுவந்து விற்பார்கள். கூடு நூலாகும், நூல் சேலையாகும். இது நமக்குத் தெரிந்த கதைதான். ஆனால், பட்டை விமானத்துக்கும் உடுத்துவார்கள் என்பது தெரியுமா? பெரிய விமானத்துக்கு அல்ல. கையால் செய்து பறக்கவிடும் மாதிரி விமானத்துக்கு!

மாதிரி விமானத்தின் இறக்கையை முழுக்கட்டையில் செய்தால் கனக்கும். அதனால் மெல்லிய பால்சா மரத்தில் எலும்புக்கூடு மட்டும் செய்வார்கள். நெடுக ஒரு குச்சி, குறுக்கே வரிசையாக விலாக்கள். அதன்மேல் தாளோ துணியோ போர்த்தினால்தான் அது இறக்கை. போர்வை தொங்கினால் இறக்கையின் வளைவு கெடும். விமானத்தைத் தூக்கும் விசை குறையும். விறைப்பாக இருந்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளாமலும் அதுவே காக்கும்.

பெரிய விமானங்களும் ஒரு காலத்தில் துணி போர்த்தியவைதான். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து மும்பைக்குத் தபால் கொண்டுவந்த ‘புஸ் மாத்’ விமானம் அப்படிப்பட்டது. நமக்குப் பக்கத்து ஊரான பெங்களூருவில் எச்.ஏ.எல். நிறுவனத்தில் தயாராகி, 1958இல் முதன்முதலாகப் பறந்த ‘புஷ்பக்’ விமானமும் துணி போர்த்தியதே.

சரி, பட்டு எதற்கு? ஒரு நல்ல கூட்டிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் நீளத்துக்கு அறுபடாத இழை கிடைக்கும். அது தலைமுடியைவிட மெல்லியது. அதில் நெய்த மெல்லிய துணி எடை குறைவு, எளிதில் கிழியாது. ஈரமாக்கிப் போர்த்தினால் இறக்கை நுனியின் வளைவிலும் சுருக்கம் விழாமல் படியும்.

சின்ன விமானத்துக்குப் பட்டும் கனம்தான். அதற்கு டிஷ்யூ தாள் போதும். ஒரு கணக்குப் போடுவோம். 60 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் உள்ள இறக்கைக்கு மேலும் கீழும் சேர்த்து 1,200 சதுர செ.மீ. தாள் வேண்டும். ஜெராக்ஸ் தாள் கட்டின் உறையில் ‘75 ஜி.எஸ்.எம்.’ என்று போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 75 கிராம் என்று பொருள். அந்தத் தாளைப் போர்த்தினால் இறக்கையில் 9 கிராம் ஏறும். 12 ஜி.எஸ்.எம். டிஷ்யூ தாள் என்றால் ஒன்றரை கிராம்கூட வராது!

தாளை விறைப்பாக்குவது எப்படி? தண்ணீர் தெளித்தால் போதும். நனைந்ததும் தாளின் நார்கள் உப்பும், தாள் தொளதொளக்கும். காயும்போது நார்கள் ஒன்றையொன்று நெருக்கி இழுக்கும். தாள் சுருங்கி இறுகும். தப்பு அடிப்பவர்கள் தீமூட்டித் தப்பைக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈரம் போனதும் தோல் இறுகி ‘டண் டண்’ என்று ஒலிக்கும் அல்லவா? அதே அறிவியல்தான்.

தாளிலும் துணியிலும் நுண்ணிய துளைகள் இருக்கும். அவற்றை அடைக்க ‘டோப்’ என்ற பூச்சைப் பூசுவார்கள். அது காயும்போது போர்வையை இன்னும் இறுக்கும். இப்போது சூடுபட்டால் சுருங்கும் வண்ண பிளாஸ்டிக் தாள்கள் வந்துவிட்டன. சின்ன இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். தனியாக வண்ணம் பூச வேண்டியதே இல்லை.

வண்ணத்துக்கும் எடை உண்டு. விமானம் சமநிலையில் நிற்கும் புள்ளியிலிருந்து வால் 45 செ.மீ. பின்னாலும், மூக்கு 15 செ.மீ. முன்னாலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாலில் ஒரு கிராம் வண்ணம் பூசினால், அதை ஈடுகட்ட மூக்கில் மூன்று கிராம் வைக்க வேண்டும். ஒரு பக்க இறக்கையில் மட்டும் தடிப்பாகப் பூசினால் விமானம் அந்தப் பக்கமே சாயும்.

வண்ணம் அழகுக்கு மட்டுமல்ல. வெளிர்நீல விமானம் வானத்தோடு கலந்துவிடும். சிவப்பு தூரத்திலும் தெரியும். இந்திய விமானப்படையின் ‘சூரிய கிரண்’ சாகச விமானங்கள் சிவப்பும் வெள்ளையுமாக இருப்பதைப் பாருங்கள். இறக்கையின் மேல்பக்கம் ஒரு நிறம், அடிப்பக்கம் பட்டையான கோடுகள் என்று வைத்தால், விமானம் நேராகப் பறக்கிறதா, தலைகீழாகப் பறக்கிறதா என்பது தரையில் நிற்பவருக்குச் சட்டென்று புரியும்.

நீங்களே செய்து பாருங்கள். மூங்கில் குச்சியில் ஒரே அளவாக இரண்டு சதுரச் சட்டங்கள் கட்டுங்கள். நம் மாவட்டத்தில் விளையும் மரவள்ளிக் கிழங்கு மாவில் பெரியவர்கள் உதவியோடு பசை காய்ச்சி, இரண்டிலும் டிஷ்யூ தாளை ஒட்டுங்கள். பசை காய்ந்ததும் ஒன்றில் மட்டும் தண்ணீரைப் பூவாகத் தெளித்து நிழலில் உலர்த்துங்கள். பிறகு இரண்டையும் விரலால் சுண்டிப் பாருங்கள். சத்தத்தில் வித்தியாசம் தெரியும். குச்சி மெல்லியதாக இருந்தால் சட்டமே வளைந்துவிடும். தாள் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

டோப் மட்டும் உங்களுக்கு வேண்டாம். அது சட்டென்று தீப்பற்றும்; அதன் நெடியும் உடம்புக்கு ஆகாது. முதல் விமானத்துக்குக் கிழங்குமாவுப் பசையும் தண்ணீரும் தாராளமாகப் போதும்.