முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதப்படுவது என்ன?

"புருஷன் பொண்டாட்டி சண்டைதானே, பேசித் தீர்த்துக்கங்க." வீங்கிய முகத்துடன் பொலிஸ் நிலையப் படியேறிய பெண்களில் பலருக்கு இந்த வார்த்தை பழக்கமானது. கணவனைக் கூப்பிட்டு இரண்டு அதட்டல் போட்டு, இனி அடிக்க மாட்டேன் என்று கையொப்பம் வாங்கி, இருவரையும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு அனுப்புவதோடு அலுவல் முடிகிறது. அன்றிரவு அந்த வீட்டில் நடப்பது எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

நாவலப்பிட்டியைச் சூழவுள்ள தோட்டங்களில் இதற்கு மேலும் இரண்டு முடிச்சுகள். ஒன்று பயம். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறி, யுத்தத்தில் மீண்டும் எல்லாம் இழந்து, உறவினரின் லயத்துக்கே திரும்பிய குடும்பங்கள் சில உண்டு. சுற்றிவளைப்பையும் அடையாள அட்டைச் சோதனையையும் கண்ட பெண்ணுக்கு, காக்கி உடுப்பைக் கண்டதும் பாதுகாப்பு என்ற எண்ணம் வருவதில்லை.

மற்றது மொழி. மலையகத்துப் பொலிஸ் நிலையமொன்றுக்கு ஒரு சகோதரியுடன் போயிருந்தேன். "தடியால அடிச்சாரு, கழுத்த நெரிச்சாரு" என்று அவர் தமிழில் சொன்னார். எழுதியது சிங்களத்தில். வாசித்துக் காட்டும்படி நான் கேட்டபோது, "சும்மா ஒப்பம் வைக்கச் சொல்லுங்க மிஸ்" என்றார்கள். விடாமல் கேட்டேன். குடும்பத் தகராறு, கணவர் ஏசினார், ஒரு தடவை அடித்தார் என்றுதான் எழுதியிருந்தது. கழுத்தை நெரித்தது அதில் இல்லை. சிறு முறைப்பாடுகளுக்கான புத்தகத்தில் அது பதிவாகியிருந்தது. அரை மணி நேரம் வாதாடிய பின்பே அந்த ஒரு வரி சேர்க்கப்பட்டது.

அதைக் கேட்பது சலுகையல்ல. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவின்படி, வாய்மொழி முறைப்பாட்டைச் சொல்லப்பட்ட மொழியிலேயே எழுத வேண்டும். அது முடியாவிட்டால், முறைப்பாட்டாளரே எழுதித் தரலாம். அவருக்கும் எழுத முடியாதபோது வேறு தேசிய மொழியில் எழுதினாலும், அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். கையொப்பம் அதன் பிறகுதான்.

பொலிஸாரில் அனைவரும் ஒரே மாதிரி என்று நான் சொல்லவில்லை. சிறுவர், பெண்கள் பணியகத்தில் நல்ல மனதுடன் உதவும் பெண் உத்தியோகத்தர்களைக் கண்டிருக்கிறேன். ஆனால் தமிழ் தெரிந்தவர் அன்றைக்கு லீவு என்றால் எல்லாம் நின்றுவிடுகிறது. பெண்ணின் உயிர் ஒருவரின் லீவு நாளில் தங்கியிருக்கக் கூடாது.

பலருக்குத் தெரியாத விடயம் ஒன்று. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பொலிஸ் முன்வராவிட்டாலும் பாதிக்கப்பட்ட பெண் தானே நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அவர் சார்பில் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். தான் வசிக்கும் இடம், எதிராளி வசிக்கும் இடம், சம்பவம் நடந்த இடம் ஆகியவற்றில் எதற்குரிய நீதிமன்றத்துக்கும் போகலாம். அவசரமானால் முதலில் இடைக்காலக் கட்டளை கிடைக்கும். 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதியிடப்படும். பின்னர் வழங்கப்படும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும். இருவரும் சேர்ந்து வாழும் வீடாயினும் அவர் அதற்குள் நுழைவதை நீதிமன்றம் தடைசெய்யலாம். லயக் காம்பிரா அவர் பெயரில் என்பதால் நான்தான் வெளியேற வேண்டும் என்று நினைத்திருக்கும் சகோதரிகள் இதைக் கவனிக்கவும். வழக்கறிஞருக்குப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

சில இடங்களில் பொலிஸார் விடயத்தை மத்தியஸ்த சபைக்கு அனுப்பிவிடுகிறார்கள். காணி வேலிச் சண்டைக்கு அது நல்ல இடம். அடித்தவரும் அடிபட்டவரும் சரிசமமாக உட்கார்ந்து பேரம்பேச முடியுமா? அங்கே இணங்க மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் தருவார்கள்.

காயமிருந்தால் வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். "வழுக்கி விழுந்திட்டேன்" என்று பதிவானால் பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. பெரிய அரச வைத்தியசாலைகள் பலவற்றில் இதற்கென்றே 'நட்பு நிலையம்' இயங்குகிறது.

2019 ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, துணையுடன் வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர் துணையினால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியுள்ளார். இது தோட்டத்துக்கோ குடித்த கணவனுக்கோ மட்டும் உரிய கதையல்ல.

முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் திகதி, நேரம், பேசிய உத்தியோகத்தரின் இலக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு மேலதிகாரிக்கு எழுதலாம். கண்டியிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்திலும் முறையிடலாம். உடனடி ஆபத்துக்கு 119, ஆலோசனைக்குப் பெண்கள் உதவித் தொலைபேசி 1938. கட்டளை கிடைத்தவர்கள் அதன் பிரதி ஒன்றை நம்பிக்கையான அயலவரிடமும் கொடுத்து வையுங்கள். கட்டளையை மீறுபவருக்கு ஒரு வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அவர் வாசலுக்கு வந்து நின்றாலே அந்தப் பிரதியுடன் பொலிஸுக்குப் போகலாம். அடி விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை.